மீன் வாசமா, மீன் நாத்தமா? சொல்லின் சாயலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது

தண்டையார்பேட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் புதிதாகத் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்திருப்பவர் கேட்டிருக்கிறார்: "ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் எடுக்கிறேன். ஒரே பொருள் தரும் சொற்களைக் கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். எதை எங்கே போடுவது என்பதில்தான் தடுமாற்றம். ஒப்புமைக் கேள்வி கொடுத்தால் ஏதோ ஒன்றை டிக் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒரு சொல்லின் பொருளுக்குப் பின்னால் இருக்கிற சாயலை எப்படிப் புரியவைப்பது? எங்கிருந்து தொடங்குவது?"

ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பள்ளிகளில் 22 வருடம் தமிழ் எடுத்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். சாயல் என்றால் என்ன என்பது நம் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். எத்தனையோ சொற்கள் அவர்கள் மேலும் அவர்கள் அம்மா அப்பா மேலும் வந்து விழுந்திருக்கின்றன. எந்தச் சொல் சுடும், எது தடவிக்கொடுக்கும் என்று அவர்களுக்குத் தோலிலேயே தெரியும். தெரிந்த அந்த விஷயத்துக்கு ஒரு பெயரைக் கொடுப்பதும், அதைத் தாங்களே கையாளப் பழக்குவதும்தான் நம் வேலை. அதனால் முதல் நாள் வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்காதீர்கள். மீனிலிருந்து தொடங்குங்கள்.

கரும்பலகையில் மணம், வாசனை, வாசம், வாடை, கவுச்சி, நாற்றம் என்று ஆறு சொற்களை எழுதுவேன். அகராதியைப் பார்த்தால் எல்லாமே மூக்குக்குத் தெரிவதைத்தான் சொல்கின்றன. பிறகு ஒன்றுதான் கேட்பேன்: "மீனுக்கு இதில் எது?" முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கை தூக்குவார்கள். குழம்பு கொதிக்கும்போது வருவது வாசனை. அலசாமல் வைத்திருக்கும் பாத்திரத்தில் வருவது கவுச்சி. ஐஸ் போடாமல் விட்ட கூடையில் வருவது நாத்தம். ஒரே மீன், மூன்று சொற்கள். இதுவரை யாரும் தப்புச் சொல்லவில்லை.

ஒரு வருடம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "பஸ்ல எங்கம்மா கூடைய பாத்தாலே நாத்தம்னுவாங்க டீச்சர். அப்போ கூடையில மீனே இருக்காது, கழுவி எடுத்துனு வரும்" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் விளக்க நினைத்திருந்த எல்லாம் அந்த இரண்டு வரியில் வந்துவிட்டது. அந்தப் பயணி சொன்ன சொல்லுக்கும் கூடையில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. கூடையை வைத்திருந்தவரை அவர் எப்படிப் பார்த்தார் என்பதைத்தான் அந்தச் சொல் சொல்லிற்று. அதைப் பலகையில் இப்படி எழுதினேன்: சொல்லின் அர்த்தம் பொருளைக் காட்டும், சொல்லின் சாயல் சொல்பவரின் மனத்தைக் காட்டும். எழுதியது நான் என்றாலும் சொன்னது அவள்தான்.

இந்தப் பாடத்தை இங்கேயே நிறுத்தினால் பிள்ளைகள் 'நாற்றம்' ஒரு கெட்ட சொல் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அடுத்த நாள் ஒரு கேள்வியோடு போங்கள்: "நாற்றமே கெட்டது என்றால், துர்நாற்றம் என்று எதற்குத் தனியாக ஒரு சொல்?" ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் நன்றாக மாட்டிக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் யோசிக்க விடுங்கள். திருக்குறளில் ஐந்து புலன்களைச் சொல்லும் இடத்தில் 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று வருகிறது. அங்கே அதற்கு நல்லது கெட்டது எதுவும் இல்லை, வெறும் மணம்தான். காலப்போக்கில் சொல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சாய்த்தவர்கள் பேசுகிற மக்கள்தான். அப்படியானால் மக்கள் நினைத்தால் இன்னொரு சொல்லை நிமிர்த்தவும் முடியும். பிள்ளைகள் இதைத் தாங்களாகவே பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் நான் ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், 'என் வீடு' என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு பையன், 'எங்க ஆயா மீன் கொழம்பு ஊத்தி துன்னு துன்னுன்னு சொல்லும்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, 'என் பாட்டி உண்ணுமாறு கூறுவார்' என்று திருத்தினேன். வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் அந்த வருடம் முழுவதும் மூன்று வரிக்கு மேல் எழுதவில்லை. பல நாள் கழித்து அந்த நோட்டைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் திருத்தலில் இலக்கணம் இருந்தது, ஆயா இல்லை. தட்டை நகர்த்த விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டும் கிழவி 'துன்னு துன்னு'வில்தான் இருந்தாள்.

வேறு ஊரில் 'தின்னு' என்றால் அதட்டல். நம் பகுதியில் 'துன்ட்டியா?' என்றால் அக்கறை. வேறு இடத்தில் 'ஆயா' என்றால் பள்ளியில் வேலை செய்யும் அம்மா, இங்கே அவள் பாட்டி. 'குந்து' என்று சொன்னதற்காகப் பிள்ளைகள் வெட்கப்பட வேண்டியதில்லை. காலை மடக்கி உட்காருவதைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் இருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள். தேர்வில் 'அமர்ந்தார்' என்று எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். இரண்டும் அவர்களுக்குத் தேவை. எந்த இடத்தில் எது என்று தெரிந்துகொள்வதுதான் பாடம்.

சரி, வகுப்பில் செய்யக்கூடிய ஒரு பயிற்சி. ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கு ஒரு கயிறு கட்டுங்கள், துணி காயப்போடும் கொடி மாதிரி. பழைய நோட்டு அட்டைகளை வெட்டி, ஒன்றில் ஒரு சொல்லாக எழுதுங்கள். உண், சாப்பிடு, தின், விழுங்கு, கொறி, மொக்கு, கொட்டிக்கொள், அருந்து. துணி க்ளிப்பால் பிள்ளைகள் அட்டைகளைத் தொங்கவிட வேண்டும். மரியாதையான சொல் இடது ஓரம், கோபமான சொல் வலது ஓரம். ஒரே ஒரு விதி: அட்டையைத் தொங்கவிடுபவர் ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும், அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 'கொட்டிக்கொள்' அட்டையை எடுத்தவன், "ராத்திரி பத்து மணிக்கு வூட்டுக்கு வந்தா எங்கம்மா என்ட்ட சொல்றது" என்பான். உடனே இன்னொருத்தி, "அதுல கோவம் மட்டும் இல்ல டீச்சர், சோறு எடுத்து வெச்சிருக்குன்னும் அர்த்தம்" என்று அட்டையை நடுவுக்கு நகர்த்துவாள். அந்தச் சண்டையை நிறுத்தாதீர்கள், பாடமே அதுதான். 'யார், யாரிடம்' என்ற விதி இல்லாவிட்டால் பிள்ளைகள் சொற்களை நல்லது, கெட்டது என்று இரண்டு மூட்டையாகக் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள்.

அடுத்த வாரங்களுக்கு இந்த வரிசைகள் நன்றாக வேலை செய்யும்: சிக்கனம், கட்டுசெட்டு, கஞ்சத்தனம். துணிச்சல், தைரியம், முரட்டுத்தனம், திமிர். ஒல்லி, மெலிவு, நோஞ்சான். உடம்பைப் பற்றிய சொற்களை எடுக்கும்போது வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையையும் காட்டிப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலக்கணத்தில் தகுதி வழக்கு வருகிறதே, அதில் மங்கலச் சொல்லும் (அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது) இடக்கரடக்கலும் (வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது) இந்தப் பாடமேதான். நன்னூல் அவற்றைக் குழூஉக்குறியோடு (ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல்) சேர்த்து மூன்றாகச் சொல்கிறது. 'செத்தார்' என்பதைத் 'துஞ்சினார்' என்று சொல்வதைப் புத்தகத்து எடுத்துக்காட்டாக மனப்பாடம் செய்வார்கள். அதைவிட, "வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்றால் பாட்டி என்ன சொல்வார்?" என்று கேளுங்கள். "போய்ட்டு வரேன்னு சொல்லுன்னு திட்டும்" என்று மொத்த வகுப்பும் கத்தும். விடியற்காலையில் அப்பா கடலுக்குக் கிளம்பும் வீடுகளில் அந்த 'வரேன்' எவ்வளவு கனமானது என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை.

எட்டாம் வகுப்புக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். இடங்களுக்கும் மனிதர்களுக்கும் அரசாங்கமே பெயர் மாற்றுவது ஏன்? நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. இன்று ஜார்ஜ் டவுன் என்று சொல்லும் பகுதியை ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்றுதான் அழைத்தார்கள். 1911-இல் ராஜா பெயரை வைத்தார்கள். தெருக்கள் அதே தெருக்கள். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. 'குடிசை'யில் இருந்து 'வாழ்விட'த்துக்குப் போகும்போது அங்கே குடியிருப்பவரைப் பார்க்கும் பார்வை என்ன ஆகிறது என்று கேளுங்கள். 2025 ஏப்ரலில், காலனி என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். பெரம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது முதலில் வியப்பாக இருக்கும். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஐ.சி.எஃப். காலனி என்றால் அவர்களுக்கு மரங்கள், குவார்ட்டர்ஸ், நிரந்தர வேலை. அதே மூன்றெழுத்து இன்னோர் ஊரில் ஒருவரை ஒதுக்கி நிறுத்தப் பயன்பட்டது. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு சாயலைச் சுமக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இந்த வகுப்பில் ஒன்று மட்டும் கவனம்: "உங்கள் வீடு எங்கே இருக்கிறது?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். சொல்ல நினைப்பவர்கள் தாங்களே சொல்வார்கள்.

செய்தித் தலைப்பு எழுதும் பயிற்சியையும் இதோடு சேர்க்கலாம். ஒரு தெருவில் வீடுகளை இடிக்கிறார்கள் என்று ஒரு சம்பவத்தைச் சொல்லி, 'ஆக்கிரமிப்பு அகற்றம்', 'வீடுகள் இடிப்பு', 'மறுகுடியமர்வு' என்ற மூன்று தலைப்புகளையும் கொடுங்கள். எந்தத் தலைப்பை யார் எழுதியிருப்பார், தெருவில் எந்தப் பக்கம் நின்று எழுதியிருப்பார் என்று குழுவாகப் பேசச் சொல்லுங்கள். ஒரு பீரியடு போதாது.

இனி ஒப்புமை, அதாவது முதல் இரண்டு சொற்களுக்கு இடையே இருக்கும் உறவே அடுத்த இரண்டுக்கும் இருக்கும்படி விடை தேடும் கேள்வி. பிள்ளைகள் இதில் தப்புச் செய்வதற்குக் காரணம், இரண்டு சொற்களும் 'ஒன்றோடு ஒன்று வரும்' என்பதை மட்டும் பார்த்து விடையைத் தேடுவதுதான். எந்த விதத்தில் சேர்கின்றன என்று கேட்பதில்லை. அதனால் நான் முதலில் விடைகளைக் கையால் மூடச் சொல்வேன். முதல் இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பிறகு அதே வாக்கியத்தை மாற்றாமல் அடுத்த சோடிக்குப் பொருத்த வேண்டும். வாக்கியம் பொருந்தினால் விடை சரி.

ஒரு தடவை பிள்ளைகளையே கேள்வி தயாரிக்கச் சொன்னேன். ஒரு பையன் எழுதியது: ஐஸ் : மீன் :: உப்பு : கருவாடு. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சரியென்றே பட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "வாக்கியம் போட்டுப் பாக்கலாம் டீச்சர்" என்றாள். போட்டோம். 'ஐஸ் மீனைக் கெடாமல் காக்கும்.' சரி. 'உப்பு கருவாட்டைக் கெடாமல் காக்கும்.' சரி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அவள் விடவில்லை: "ஐஸ்ல வெச்சா மீன் மீனாவே இருக்கும். உப்பு போட்டாதான் கருவாடே வரும்." ஐஸ் இருப்பதைக் காக்கிறது, உப்பு ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறது. இரண்டும் வேறு உறவு. அரை மணி நேரம் வாதாடி, கேள்வியை இரண்டாகப் பிரித்தார்கள். ஐஸ் : மீன் :: ஃப்ரிட்ஜ் : இட்லி மாவு. உப்பு : கருவாடு :: உறைமோர் : தயிர். இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. பாலுக்குள் போன ஒரு கரண்டி மோர் தயிரை உண்டாக்குவதையும் மீனுக்குள் இறங்கிய உப்பு கருவாட்டை உண்டாக்குவதையும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் ஒரே கோட்டில் நிறுத்துகிறாள். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் நேரடியாகக் கைகொடுக்கும். மனத்திறன் பகுதியில் 90 கேள்விகள், அவற்றில் ஒப்புமையும் வரும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நம் வீடுகளில் அது பெரிய தொகை. திசை மாறுவதில்தான் அதிகம் தப்புச் செய்வார்கள்: 'தச்சர் : மரம்' என்று கேட்டிருக்கும்போது 'தங்கம் : பொற்கொல்லர்' என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். வாக்கியம் போடும் பழக்கம் வந்தால் இது தானாக நிற்கும்.

உவமைக்குத் தொல்காப்பியம் நான்கு அடிப்படைகள் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயல், அதனால் வரும் நன்மை, வடிவம், நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எழுதும் எந்த உவமையையும் இந்த நான்கில் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால் போதும். 'துறைமுகத்து கிரேன் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நிற்கிறது' என்றால் மெய். 'நெத்திலி வெள்ளி மாதிரி' என்றால் உரு. அப்புறம் அடிப்படையை மாற்றாமல் உவமையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 'சுறா மாதிரி பாய்ந்தான்', 'நாய் மாதிரி பாய்ந்தான்'. இரண்டும் வினைதான், ஆனால் ஒருவன் வீரன், இன்னொருவன் வசவு வாங்குகிறவன். சாயலும் ஒப்புமையும் இங்கே ஒன்று சேர்கின்றன. இந்த இடத்துக்கு வந்த பிறகு 'சிக்கனம் : கஞ்சத்தனம் :: துணிச்சல் : ?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரே குணம், நல்ல பெயரும் கெட்ட பெயரும் என்ற உறவைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்து நான் எடுத்தவற்றில் எனக்கு மறக்க முடியாத வகுப்பு, பள்ளி திறந்த ஜூன் முதல் வாரத்தில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பலகையில் எழுதினேன்: தடைக்காலம் : விசைப்படகு :: கோடை விடுமுறை : பள்ளி. 'இந்த நாட்களில் இது இயங்காது' என்று வாக்கியம் போட்டார்கள். பொருந்தியது. முடிந்தது என்று அழிக்கப் போனேன். ஒரு பெண், "வாக்கியம் சரி டீச்சர், ஆனா லீவுன்னா ஜாலி. தடைன்னா எங்கம்மா கம்மல் அடகுக்குப் போவும். லீவு முடிஞ்சு நாங்க வந்துட்டோம், படகு இன்னும் போவல" என்றாள். உறவு சரி, சாயல் தப்பு. அவளையே வந்து மாற்றச் சொன்னேன். தடைக்காலம் : விசைப்படகு :: ஊரடங்கு : கடை என்று எழுதினாள்.

அதற்குள் ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு பையன், "படகு பக்கம் இருந்து பாத்தா அப்படி. மீன் பக்கம் இருந்து பாத்தா?" என்றான். தடை எதற்கு என்று அவனுக்குத் தெரியும், அது மீன் முட்டையிடும் காலம். சாக்பீஸை வாங்கிக் கீழே எழுதினான்: தடைக்காலம் : மீன் :: பிரசவ லீவு : அம்மா.

மணி அடித்துவிட்டது. மூன்று வரிகளையும் அழிக்காமல் வந்தேன். அடுத்து கணக்கு. மத்தியானம் நான் திரும்பிப் போனபோது, கணக்கு ஆசிரியர் அவற்றை அழிக்காமல் ஓரமாக இடம் பார்த்துப் பின்னங்களை எழுதியிருந்தார்.